கணக்கு பீரியடில் மூலையில் உட்காரவைத்தால் யாரோடு பழகுவான்?



நம் உறவுக்காரப் பையன் ஒருவன், அறிவுசார் குறைபாடு உள்ளவன், மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு பீரியட் வந்தால் கலர் பென்சில் கொடுத்து மூலையில் உட்காரவைத்து விடுகிறார்கள். கேட்டால், "கூட்டல் எல்லாம் அவனுக்கு எதுக்கு சார், முதல்ல நாலு பேரோட பழகட்டும்" என்கிறார் ஆசிரியர். மூலையில் யார் இருக்கிறார்கள் பழக?

கோபம் வந்தது. ஆனால் டிரெயினிங் முடித்து வந்த புதிதில் நானும் ஒரு பெண்ணை அப்படித்தான் வைத்திருந்தேன். என் கண்ணைத் திறந்தது பல்லாங்குழி. ஒரு மழைநாளில் இன்னொரு பிள்ளையோடு ஆடவிட்டேன். குழிக்கு ஒரு புளியங்கொட்டையாக எண்ணிப் போடவேண்டும். எதிராளி ஆடி முடிக்கும்வரை காத்திருக்கவேண்டும். முதலில் கொட்டையைப் பறித்துக்கொண்டு ஓடினாள். மூன்றாம் வாரம், "இப்ப நீ போடு" என்றாள். வகுப்பில் இன்னொரு பிள்ளையிடம் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் காலி சோப்பு டப்பா, தீப்பெட்டி வைத்துக் கடை போட்டோம். 10 ரூபாய் கொடுத்து 7 ரூபாய் சோப்பு வாங்கினால் மீதியைக் கேட்டு வாங்கவேண்டும். கழித்தலும் அங்கேதான், முகம் பார்த்துப் பேசுவதும் அங்கேதான். மீதி குறைந்தால் சண்டையும் போட்டாள்! (திட்டு வாங்கியது நான்.)

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கத்தான் சொல்கிறது. ஒரே கூரைக்குக் கீழே தனியாக உட்காருவது சேர்ந்து படிப்பதா?

என்னிடம் படித்து ஆசிரியர் ஆனவர்களே, நாளைக்கே அந்தப் பிள்ளையை நடு பெஞ்சுக்குக் கூப்பிடுங்கள். 40 பேர் வகுப்பில் முடியாது என்று சொல்லாதீர்கள். என் வகுப்பில் 52 பேர்.