மருந்து கொடுக்கும் கை

நோய்க்கு மருந்தைத் தேர்பவர் மருத்துவர். அம்மருந்து நன்மையாவதும் தீங்காவதும் அதனைக் கொடுக்கும் கையைப் பொறுத்தது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து மருந்தளிப்பவரையும் நான்காம் கூறாகச் சேர்த்தெண்ணுகிறது. இன்றைய முதியோர் இல்லங்கள் பலவற்றில் அந்த நான்காமவரையே நாம் மறந்துவிட்டோம் என்பது என் கருத்து.

முதுமையில் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. எனவே, இளையோர் உடல் தாங்கும் பிழையை முதியோர் உடல் தாங்குவதில்லை. முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத்தக்கது. அதனை நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே கேடு நேரலாம். இன்சுலின் செலுத்தியபின் உணவு தாமதமானால், குருதியில் சர்க்கரை சரிந்து மயக்கம் உண்டாகும். விழுங்க இயலாதவருக்கென, மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுமைக்கும் உரிய மருந்து ஒரேயடியாக உடலில் கலந்துவிடும். இப்பிழைகள் தீய எண்ணத்தால் நேர்பவை அல்ல. அறியாமையாலும் அவசரத்தாலும் நேர்பவை.

உரிய ஆள், உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தையும் சரிபார்ப்பது செவிலியர் கல்வியின் அரிச்சுவடி. அப்பயிற்சி பெறாதவரிடம் மாத்திரைப் பெட்டியை ஒப்படைப்பது முறையன்று. உலக நலவாழ்வு நிறுவனம் மருந்துவழித் தீங்கைக் குறைக்க 2017இல் உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியதும் இச்சிக்கலின் பெருமையை உணர்த்தும்.

ஆள் பற்றாக்குறையில் இவை இயலுமா எனச் சிலர் வினவலாம். முதியவரின் ஒளிப்படம் ஒட்டிய மருந்துப் பதிவேடு, கொடுத்தவுடன் இடும் கையொப்பம், மருந்து வழங்கும் வேளையில் பணியாளருக்கு வேறு வேலை ஏவாமை ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பிழையை ஒப்புக்கொண்டவரை உடனே தண்டிக்கும் வழக்கமும் மாற வேண்டும். அச்சத்தால் மறைக்கப்படும் பிழை மருத்துவரின் செவிக்கு எட்டாது; எட்டாத பிழைக்கு மாற்று மருந்தும் கிட்டாது.

"இது என்ன மாத்திரை?" என்று முதியவர் கேட்கும்போது அதனைத் தொல்லையாகக் கருதுகிறோம். உண்மையில், மருந்து வாய்க்குள் செல்லுமுன் நிகழும் இறுதிச் சரிபார்ப்பு அதுவே. அவ்வினாவுக்குப் பொறுமையுடன் விடையளிக்கும் இல்லமே பாதுகாப்பான இல்லம்.