பானல் போட்டாச்சு, பில் ஏன் குறையவில்லை?

சிட்னியின் வடமேற்கே, மாஸ்டன் பார்க் பக்கம் போய்ப் பாருங்கள். புதுவீட்டுக் கூரை எல்லாவற்றிலும் கறுப்புப் பானல்கள். அவுஸ்திரேலியா முழுவதும் இப்போது 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சூரிய மின்சாரம் இருக்கிறது. நல்ல விசயம்தான். ஆனால் அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு, இந்த நிமிடம் தங்கள் வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று தெரியும்?

என் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. பொறியியலில் முதுகலை முடித்த எனக்கும் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் புதுவீடு கட்டியபோது 6.6 கிலோவாற் பானலும் 5 கிலோவாற் இன்வேர்ட்டரும் வீட்டோடு சேர்ந்து வந்தன. சிட்னி வெயிலுக்கு ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 25 யூனிற் வரை கிடைக்கும். அப்பாவின் ஃபோனில் ஒரு செயலி. உற்பத்தி பச்சை மலைபோல ஏறி இறங்கும். வருகிற ஆட்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். மூன்று மாதம் கழித்து வந்த பில் பழைய வீட்டுப் பில்லைவிடப் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை.

காரணம் எளிது. அந்தச் செயலி கூரை தருவதை மட்டும் காட்டியது. வீடு எடுப்பதைக் காட்டவில்லை. அதைக் காட்ட, மின்பலகையில் பிரதான வயரைச் சுற்றி ஒரு சிறிய உணரியை மாட்ட வேண்டும். வளையல் மாதிரி இருக்கும், விலை சில நூறு டொலர். வீடு கட்டியவர்கள் அதைப் போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு போட வந்த மின்வினைஞர், பலகையில் இடமே விடவில்லை என்று சொல்லி அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். போதாதென்று உணரியைத் திசைமாற்றி மாட்டிவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் 2 கிலோவாற் வெளியே விற்பதாகச் செயலி சொன்னது. “நிலா வெளிச்சத்திலயும் கரண்ட் வருது போல” என்றார் அப்பா.

திருத்திய பிறகுதான் உண்மை தெரிந்தது. “ராத்திரிக் கரண்ட் மலிவு” என்பது அப்பாவின் பழைய சட்டம். அதனால் பாத்திரம் கழுவும் மெசினும் உடுப்புக் காயவைக்கும் மெசினும் ஒன்பது மணிக்குப் பிறகுதான் ஓடின. சுடுதண்ணீர் ஹீட் பம்பையும் பூட்டியவர் நள்ளிரவுக்கே வைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் சேர்த்து இரவில் 8 யூனிற். எங்கள் பில்லில் ஒரு யூனிற் வாங்க 33 சதம், விற்றால் 5 சதம். அதே 8 யூனிற்றை வெயிலுக்கு மாற்றினால் நாளுக்கு இரண்டு டொலருக்கு மேல் மிச்சம். வெயில் ஒத்துழைத்தால் ஒரு பில்லுக்கு 200 டொலர் கிட்ட வரும்.

“வித்தால் லாபம்தானே தம்பி” என்று சொல்லும் மாமாமாரையும் குறை சொல்ல முடியாது. 2010இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு யூனிற்றுக்கு 60 சதம் கொடுத்தது. அந்தத் திட்டம் 2016 முடிவோடு போய்விட்டது. அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது எல்லோரும் பட்டரி பற்றிக் கதைக்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து மத்திய அரசு விலையில் ஏறக்குறைய 30 வீதம் கழிவு தருவதால் விற்பனையாளர்களின் அழைப்பு ஓய்வதில்லை. என் கருத்து இதுதான்: வீட்டின் பாவனையை ஒரு மாதமாவது அளந்து பார்க்காமல் பட்டரி வாங்காதீர்கள். மாலையில் 6 யூனிற் எடுக்கும் வீட்டுக்கும் 20 யூனிற் எடுக்கும் வீட்டுக்கும் ஒரே பெட்டியை விற்பார்கள். உங்கள் எண் உங்களிடம் இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் கணக்கு.

உங்களில் சிலர் முதல் வீடு கட்டப் போகிறீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன்பே பாவனை அளவிடும் உணரியைக் கேளுங்கள். மின்பலகையில் இடம் விடச் சொல்லுங்கள். பானல் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். இங்கே வடக்குக் கூரைக்குத்தான் அதிக வெயில். ஆனால் மாலையில் ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு மேற்கிலும் கொஞ்சம் வேண்டும். தெருவிலிருந்து வடிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் தெற்கே வைத்த கூரையையும் நான் பார்த்திருக்கிறேன். சுவர் பூசிய பிறகு வயர் இழுப்பது இரட்டைச் செலவு.

ஒரு எச்சரிக்கை. இந்தச் செயலி ஆளைக் கெடுக்கும். அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, “இப்ப என்ன 2 கிலோவாற் போகுது?” என்று கேட்டிருக்கிறேன். “தோசை சுடுறன். அதையும் உன்னட்டக் கேக்க வேணுமோ?” என்றார். வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதையும் அந்தக் கோடு சொல்லிவிடும் என்பதால், கடவுச்சொல்லை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நாள் எடுக்கும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற பிறகு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டவர் அவர். சுற்றுவதை நிறுத்தினால் ரேடியோவும் நிற்கும். எனக்கு அது வரைபடத்தில் ஒரு கோடு. அவருக்கு அது கைநோவு.

இப்போது காலை பத்தரைக்கு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறார். முகில் விலகினால் உள்ளே பார்த்து, “உடுப்பைப் போடுங்கோ” என்று ஒரு சத்தம்.