கிளாஸுக்குக் கால் இருந்தா ரசனை, பிளாவுக்கு இல்லாட்டி இழிவா?

காரமான மெக்சிக்கன் டாக்கோவுக்கு எந்த வைன் பொருந்தும் எண்டு நம்மட பெடியள், பெட்டையள் இப்ப தேடித்தேடிப் படிக்கிறாங்க. படிக்கட்டும், அதில எனக்குப் பிரச்சினை இல்ல. ஆனா அதே ஆக்கள், வாவி நண்டுக் கறியோட கள்ளுக் குடிக்கிற மனுசனைக் கண்டா "குடிகாரன்" எண்டு முகத்தைச் சுழிக்கிறாங்களே, அதைத்தான் கேக்க வாறன்.

முதல்ல வைன்காரர் சொல்ற விதியையே எடுப்பம். மிளகாயில இருக்கிற கப்சைசின் நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. அல்கஹோலும் அதே நரம்பைத்தான் சீண்டும். அதனால் 13, 14 சதவீத அல்கஹோல் உள்ள சிவப்பு வைன் எரிவைக் கூட்டும். அதன் துவர்ப்பு வாயை இன்னும் கரடுமுரடாக்கும். அப்ப காரத்துக்கு என்ன வேணும்? அல்கஹோல் குறைவு, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, லேசான நுரை. இதுக்காகத்தான் ஜெர்மனி ரீஸ்லிங் வைனைச் சிபாரிசு செய்கிறார்கள்.

இந்தப் பட்டியலைத் திருப்பி வாசிச்சுப் பாருங்க. இனிப்பு, புளிப்பு, நுரை, ஏறத்தாழ 5 சதவீத அல்கஹோல். இது காலையில் இறக்கின கள்ளு இல்லாம வேற என்ன?

மெக்சிக்கோவையே கேட்டாலும் இதைத்தான் சொல்லும். அங்க தெருவோர டாக்கோவுக்குப் பக்கத்தில இருக்கிறது பெரும்பாலும் பியர், இல்லாட்டி புளித்தண்ணி, அரிசியில் செய்த ஓர்சாட்டா. வைன் இல்ல. அவர்களுக்கும் ஒரு கள்ளு இருக்கு: கற்றாழை மாதிரியான மகேய் செடியின் சாறு புளித்து வரும் வெள்ளை நிறப் புல்கே. ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே இருந்த பானம். பியர் பரவியதும் அது ஏழைகளின் அழுக்குப் பானம் என்று ஒதுக்கப்பட்டது. இப்போது மெக்சிக்கோ நகரத்து இளைஞர்களே புல்கே கடைகளைத் தேடிப் போகிறார்கள். மிளகாயை அந்தப் பக்கத்தில் இருந்து போர்த்துக்கேயர் மூலம் வாங்கி, மிளகின் பெயரையே வச்சு நம்மடதாக்கின நாம, இந்தப் பாடத்தை மட்டும் ஏன் வாங்கேல்ல?

"குடியால அழிஞ்ச குடும்பங்களைத் தெரியாதா?" எண்டு கேப்பீங்க. தெரியும். கசிப்பும் சாராயமும் எத்தனை வீட்டில பொம்பிளையளின் உழைப்பைத் தின்னுது எண்டு மட்டக்களப்பில் ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்ல. குடிக்கவே கூடாது எண்டு சொல்ற ஆளோட எனக்குச் சண்டை இல்ல. ஆனா அந்த நியாயம் வைனுக்கும் சேத்துத்தான். வைனைக் கண்டா "கலாசாரம்", கள்ளைக் கண்டா "சீரழிவு" எண்டா, அங்க பேசுறது உடல்நலம் இல்ல. மறுகா என்ன பேசுது? சாதி. மரம் ஏறுறவனின் சாதி.

ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மரம் ஏறி, பாளையைத் தட்டி, பக்குவமாச் சீவி, முட்டி கட்டி இறக்கிறது லேசான தொழில் இல்ல. திராட்சைத் தோட்டக்காரனைக் "கலைஞன்" எண்டுற வாய், இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவே கூசுது. 1912இல் வந்த மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளை அனுமதிப் பத்திரத்துக்கும் தவறணைக்கும் உள்ள அடைச்சுது. நம்மட அருவருப்பு அதை இன்னும் இருட்டுக்குள்ள தள்ளிச்சு. கேரளத்தில் பாருங்க, மரவள்ளியும் கரிமீனும் தின்னவே குடும்பத்தோடு கள்ளுக்கடைக்குப் போகிறார்கள்.

குடிக்காதவங்களுக்கும் இதில இடம் இருக்கு. சுண்ணாம்பு தடவின முட்டியில் இறக்கினா அது புளிக்காத கருப்பணி. மோரில் உள்ள புரதம் கப்சைசினைப் பிடித்து இழுக்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு அதைக் கரைக்கும். கூனிச் சம்பலுக்குப் பக்கத்தில் சொதியை வச்ச அம்மம்மாமார் எந்த வைன் வகுப்புக்கும் போகேல்ல.

டாக்கோ தின்னுங்க, ரீஸ்லிங்கும் குடிங்க. ஆனா "ரசனை" எண்ட சொல்லைப் பாவிக்க முன்னம், கள்ளு இறக்கிறவரை மரியாதையாக் கதைக்கப் பழகுங்க.