ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாட்சம்பளம்?

தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ட்ரிப் போகிற செலவையும் இந்தக் கணக்கிலேயே போட்டுப் பார்த்தால்தான், தெல்தோட்டைப் பக்கத்து லயத்துக் குடும்பத்துக்கு ஒரு டிக்கெட் என்ன விலை என்று விளங்கும்.

கொழும்புத் தாமரைக் கோபுரத்தை 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்தபோது உள்நாட்டவருக்குச் சாதாரண டிக்கெட் 500 ரூபா. கூடுதல் வசதியோடு போக 2,000 ரூபா. அந்த நேரம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பேருக்குக் கிடைத்தது 1,000 ரூபா: அடிப்படை 900, படி 100. தாயும் தகப்பனும் லிஃப்டில் ஏறி இறங்க ஒருவருடைய முழு நாள் கொழுந்து போய்விடும். 2,000 ரூபா டிக்கெட் என்றால் ஆளுக்கு இரண்டு பேர். கொழும்புக்குப் போய்ச் சேரும் காசு இதில் சேரவில்லை.

அதன் பிறகு சம்பளம் கூடவில்லையா என்று கேட்கலாம். கூடியது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனது. 2026 வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1,550 ஆக்கி, அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தது. ஆனால் இடையில் நடந்ததை மறக்க முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். ஏறிய சம்பளத்தை அரிசியும் மாவும் முதலில் எடுத்துக்கொண்டன. அதோடு மாதத்தில் எல்லா நாளும் பேர் விழுவதில்லை. மழை, கொழுந்து குறைவு என்று நாட்கள் கழன்றுபோகும்.

டிக்கெட் என்பது செலவின் தொடக்கம் மட்டுமே. நாலைந்து குடும்பம் சேர்ந்து வான் பிடித்து, விடியுமுன்னே எழும்பி ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனால், பல இடங்களில் சாப்பாட்டுப் பார்சலை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே விற்கும் ஃபிரைட் ரைஸைத்தான் வாங்க வேண்டும். பருத்தி உடுப்போடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடுப்புக்கு வாடகை. பை வைக்க லொக்கர் காசு. கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு கீறியிருக்கும், அதற்கு மேலே தலை போனால் பிள்ளைக்கும் பெரியவர் டிக்கெட். "கொஞ்சம் முழங்காலை மடக்கு மகன்" என்று தகப்பன் காதுக்குள் சொல்வதைப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. வளர்ந்துவிட்ட பிள்ளையைக் குறுக்கிக் காட்டச் சொல்லும் நிலைக்கு ஒரு தகப்பனைத் தள்ளுகிற விலை அது.

பூங்கா நடத்துகிறவர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடவும் முடியாது. 2022 இன் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. ராட்டினத்தின் மோட்டாரும் உதிரிப்பாகமும் அந்த டொலரில்தான் வருகின்றன. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் ஏறியது. வற் வரி 8 இலிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 வீதம். இவ்வளவும் கடைசியில் டிக்கெட்டின் தலையில்தான் வந்து உட்காரும். உலகம் முழுக்க இதே போக்குத்தான். 1955 இல் ஒரு டொலர் நுழைவுக் கட்டணத்தோடு திறந்த கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 2024 ஒக்டோபரில் கூட்டம் மிகுந்த நாட்களின் டிக்கெட் 206 டொலருக்கு ஏறியது. பள்ளி விடுமுறையும் சம்பளக்காரனின் லீவும் வருகிற நாளில்தான் விலையும் உச்சத்தில் இருக்கும்.

டிஸ்னியின் விலையை நாம் குறைக்க முடியாது. பேராதனைப் பூங்காவையும் பின்னவலையையும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையையும் பற்றிப் பேசலாம், அவை அரசாங்கத் திணைக்களங்களின் கையில் இருக்கின்றன. தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் கலஹா வழியாக இறங்கி, பல்கலைக்கழகத்தைக் கடந்து கலஹா சந்திக்கு வரும். அங்கிருந்து தாவரவியல் பூங்கா வாசல் நடக்கிற தூரம். வருடக்கணக்காக அந்தச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றும் உள்ளே கால் வைக்காத தோட்டத்துப் பெண்கள் இருக்கிறார்கள். 1821 இல் தொடங்கிய 147 ஏக்கர் பூங்கா அது. தெல்தோட்டைக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போடுவதற்கு முன்னரே இந்த நாட்டில் தேயிலைச் செடி வளர்ந்தது அந்தப் பேராதனையில்தான். அந்தச் செடியில் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா உள்ளே போய் வர உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன்.

சிறுவர் தினமான ஒக்டோபர் 1 இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு மிருகக்காட்சிசாலைகளில் அனுமதி இலவசம் என்று பல ஆண்டுகளாக அறிவிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் 2025 இல் அது புதன்கிழமை, 2026 இல் வியாழக்கிழமை. வேலை நாளில் பிள்ளையைக் கூட்டிப்போனால் தாய்க்கு அந்த நாள் பேர் இல்லை, புதிய வருகைக் கொடுப்பனவும் இல்லை. இலவச டிக்கெட்டுக்கு 1,750 ரூபா கொடுத்த மாதிரித்தான். கூடவே போகும் தாய் தகப்பனுக்கு டிக்கெட்டும் எடுக்க வேண்டும்.

அந்தச் சலுகையை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். பிள்ளையோடு வரும் இரண்டு பெரியவர்களுக்கும் பாட்டிக்கும் சேர்த்து ஒரே குடும்ப டிக்கெட் போடுங்கள். வெளிநாட்டவருக்கு ஒரு விலை, உள்நாட்டவருக்கு ஒரு விலை, பிள்ளைக்கு ஒரு விலை என்று இந்த வாசல்களில் ஏற்கெனவே பலகை தொங்குகிறது. அதில் இன்னொரு வரி எழுதுவது புதுமையல்ல. அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று அதிகாரிகள் கேட்பார்கள். வேண்டாம். அந்தப் பட்டியலில் விடுபட்ட தோட்டக் குடும்பங்களின் முறைப்பாடு இன்னும் ஓயவில்லை. விளையாடப் போகிற இடத்திலும் ஏழை என்று நிரூபிக்க அட்டையை நீட்டச் சொல்வது முறையும் அல்ல.

தனியார் பூங்காக்களுக்கு வேறு வழி இருக்கிறது. இந்தியாவில் 2017 இல் கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 வீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். இங்கே 1946 ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளின் கையில் இருக்கிறது. குடும்ப டிக்கெட்டும் கட்டுச்சோற்றுக்கு அனுமதியும் தருகிற பூங்காவுக்கு மட்டும் அந்த வரியில் சலுகை என்று நிபந்தனை போடலாம். நிபந்தனை இல்லாமல் வரியைக் குறைத்தால் அது முதலாளியின் பைக்குத்தான் போகும்.

என்னைக் கேட்டால், தூரத்துப் பூங்காவின் விலையைவிட அவசரமானது பக்கத்தில் பூங்கா இல்லாதது. பல தோட்டங்களில் பிள்ளைகள் விளையாடும் இடம் லயத்து வாசல், அதை விட்டால் வாகனம் போகிற ரோடு. தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று பிரதேச சபைகள் முப்பது ஆண்டு சொல்லிவந்தன. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது, அந்தக் காரணம் இப்போது செல்லாது. 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் புதிய சபைகளும் வந்துவிட்டன. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. ஊஞ்சலும் சறுக்குமரமும் வைக்க இருபது பேர்ச் காணி போதும்.

டித்வா புயலில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு ஊஞ்சல் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் சொல்வார்கள். 2025 நவம்பர் கடைசியில் மண் சரிந்து வீடும் ஆட்களும் போன மலைகள் இவை, வீடுதான் முதலில். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவைப் பார்த்த பிள்ளைகளும் இதே லயங்களில்தான் இருக்கிறார்கள். புதிய வீட்டுக்குக் காணி அளக்கும்போதே மூலையில் ஒரு துண்டை விளையாட்டுக்கு ஒதுக்கத் தனிச் செலவு எதுவும் இல்லை. வரைபடம் கீறி முடிந்த பிறகு கேட்டால்தான் இடம் இராது.

பாத்தஹேவாஹெட்ட பிரதேச சபை அடுத்த ஆண்டுப் பாதீட்டை எழுதும்போது தெல்தோட்டைத் தோட்டப் பிரிவுகளுக்குச் சிறுவர் பூங்கா என்று தொகையோடு ஒரு வரி சேர்க்க வேண்டும். தோட்ட நிர்வாகங்களிடமிருந்து காணியை விடுவித்துத் தரும் பொறுப்பைப் பிரதேச செயலாளர் எடுக்க வேண்டும். எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்துக்குள் என்று தவிசாளர் சபையில் எழுந்து சொல்லட்டும். தெரிவான தமிழ், முஸ்லிம், சிங்கள உறுப்பினர்கள் எல்லோரும் அந்தத் திகதியைக் கேட்டு வாங்கட்டும்.