எழுத்தின் உருவம்

நம் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் மாண்ட வீரனுக்கு எடுத்தது. அச்செய்தியைப் படித்து மகிழ்ந்தோம். காலத்தைக் குறித்து வாதிட்டோம். முரட்டுக் கல்லில் கோட்டையும் கோணத்தையும் வளைவையும் ஒருவன் எங்ஙனம் இசைவித்தான் என்று நோக்கினோமா? தமிழ்த்துறைகள் எழுத்தை ஒலியின் குறியாக மட்டுமே கற்பிக்கின்றன. இஃது இழப்பு என்பது என் துணிபு.

எழுத்தின் உருவத்தையே ஒரு கல்வியாகப் போற்றிய மரபு அரபு மொழிக்கு உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, நாணற்பேனா முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாகக் கொண்டார். அப்புள்ளிகளால் அலிஃபின் உயரத்தை அளந்தார்; அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தைப் பிற எழுத்துகளின் வளைவுக்கு அடிப்படையாக்கினார். (அமைச்சராகவும் இருந்த அவர் அரசியல் பகையால் எழுதிய வலக்கையையே இழந்தார் என்பது நெஞ்சை உறுத்தும் வரலாறு.) பள்ளிவாசல் முகப்புகளில் நாம் வியக்கும் எழுத்தழகின் அடியில் வடிவகணிதம் இருக்கிறது.

தமிழகத்திலும் இவ்வுறவை உணர்ந்தோர் இருந்தனர். கோவையில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்குத் தூண்டுதல் கணித மாணவர் ஒருவரின் குறிப்பேட்டுப் பக்கம்! எழுத்துப்போல் தோன்றி வாசிக்க இயலாத வரிகளும் முக்கோணங்களும் கட்டங்களும் அவற்றில் நிறைந்துள்ளன. அவர் முதல்வராயிருந்த சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் (1938–2008), நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியதோடு, நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் தமிழ்த் தலைப்பெழுத்துகளைத் தூரிகையால் வரைந்து தந்தார்.

நாமோ சர்ரியலிசத்தைக் கவிதைக் கொள்கையாக நடத்துகிறோம். ஓர் ஓவியத்தையும் காட்டுவதில்லை. புகைக்குழாயை வரைந்து, அதன்கீழ் 'இது புகைக்குழாய் அன்று' என்னும் பொருள்பட மாக்ரித் 1929இல் எழுதிய ஓவியத்தைக் காட்டினால், சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள உறவை மாணவர் நொடியில் உணர்வரே!

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கடைப்பலகை எழுதிய ஓவியர்களின் கைவண்ணம் ஃபிளெக்ஸ் வந்தபின் அருகிவருகிறது. எஞ்சிய பலகைகளையேனும் நம் மாணவர்கள் படியெடுத்துத் துறையில் சேர்க்க வேண்டும். அடுத்த மலரின் அட்டைத் தலைப்பைக் கணினியிடம் ஒப்படையாது மாணவர் ஒருவர் கையால் எழுதட்டும். கோணல் இருப்பினும் அச்சிடுவோம்.