கிரியேட்டினின் குறைந்தால் சந்தோஷப்படலாமா?

டயாலிசிஸ் நோயாளியின் கிரியேட்டினின் 9லிருந்து 6க்கு இறங்கினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர் மட்டும் யோசிக்கிறார். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. டயாலிசிஸ் அளவு மாறாதபோது அது மாதாமாதம் இறங்கினால், தசை கரைகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். எடை பார்த்தும் பயனில்லை. உடம்பில் தேங்கும் நீர் கணக்கைச் சரிக்கட்டிவிடும்.

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரம் போன்ற இடங்களில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி, தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருக்கள். சைவச் சமையல். புரதம் என்றால் பருப்பு, பால், தயிர்தான். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதும் இவற்றைக் குறைக்கச் சொல்வார்கள். அப்போதைக்கு அது சரி. டயாலிசிஸ் ஆரம்பித்ததும் கணக்கு தலைகீழாகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை; 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் சில கிராம் அமினோ அமிலம் வேறு வெளியேறிவிடுகிறது. ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் இருப்பதோ 7, 8 கிராம். பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் உடம்பு தன் தசையைத் தின்னும். அதற்காகப் பருப்பை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடவே வரும். அளவை டாக்டரும் உணவு நிபுணரும்தான் சொல்ல வேண்டும்.

தட்டில் வைத்தாலும் நாலு வாய்க்கு மேல் இறங்காது. வீம்பு என்று வீட்டில் கோபிக்கிறார்கள், பாவம். 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் லெப்டின். ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு 1994இல் கண்டறிந்தது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் இதைப் பெருமளவு வெளியேற்றுவது சிறுநீரகம். அது செயலிழந்தால் லெப்டின் ரத்தத்தில் தேங்குகிறது. சாதாரண டயாலிசிஸ் வடிகட்டியில் எளிதில் போவதில்லை. ஆனாலும் பழியை லெப்டின் மேல் மட்டும் போட முடியாது. பசியில்லாமைக்குப் போதாத டயாலிசிஸ், மனச்சோர்வு, கைநிறைய மாத்திரைகள் என்று பல காரணங்கள். ரத்தத்தில் ஏறும் அமிலம் தசையைச் சிதைக்கும். ஆண்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, தசை வளர்வதும் மந்தமாகிறது.

தைராய்டின் டி3 அளவும் பலருக்குக் குறைந்திருக்கும். சத்துக் குறைவிலும் நோயிலும் உடம்பு சிக்கனம் பிடிப்பதன் அடையாளமாகவே பெரும்பாலும் அதைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு எண்ணுக்காகத் தைராய்டு மாத்திரை விழுங்குவது ஆபத்து.

அடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் ஆல்புமினையும் பார்க்கலாம். நீர் நீங்கிய பிறகு இருக்கும் 'உலர் எடை' சரிதானா என்று டாக்டரிடம் கேட்கலாம். டயாலிசிஸ் நாட்களில் அலைச்சலிலேயே ஒரு வேளைச் சாப்பாடு தவறிவிடும். வாரத்துக்கு மூன்று முறை என்றால் மூன்று வேளை. அதோடு ஏகாதசிப் பட்டினியும் சேர வேண்டுமா?