‘குளித்துக்கொள்வேன்’ என்னும் விடை

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் ‘பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்’ உதவித்தொகையின் 2013ஆம் ஆண்டு விதிகளை அண்மையில் படித்தேன். அன்றாட வாழ்வுக்கென அவை பட்டியலிடும் செயல்கள் 10. அவற்றுள் நான்காவது குளித்தல். துணையேதுமின்றிக் குளிக்க முடிந்தால் மதிப்பெண் சுழியம். கருவி ஒன்று தேவைப்பட்டால் 2. தொட்டிக்குள் இறங்கவோ வெளியேறவோ ஒருவர் கைகொடுக்க வேண்டுமெனில் 3. உடல் முழுவதையும் பிறரே கழுவிவிட வேண்டுமெனில் 8. பத்துச் செயல்களிலும் சேர்த்து 8 பெறுவோருக்கு உதவித்தொகை உண்டு. 12 பெறுவோருக்கு உயர் விகிதம்.

என் கவனத்தை ஈர்த்தது அந்த 2. குளியல் நாற்காலியும் சுவர்க் கைப்பிடியும் கொண்டு குளிப்பவரைக் குறை தீர்ந்தவராக அவ்விதி கருதவில்லை. கருவியின் தேவையையே குறைபாட்டின் சான்றாக ஏற்கிறது. ‘முடியும்’ என்பதற்கும் அங்கே வரையறை உண்டு: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும்போதெல்லாம், நியாயமான நேரத்திற்குள் முடிய வேண்டும்.

அந்நாட்டைப் போற்றுவது என் நோக்கமன்று. உடுத்துதல், கழிப்பறைத் தேவை ஆகியவற்றில் கருவிகளுக்கான மதிப்பெண்ணைப் பாதியாக்க 2016இல் அரசு முனைந்தது. அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் பதவி விலகிய பின்னரே அது கைவிடப்பட்டது. ஏதேனும் ஒரு செயலிலாவது 4 பெற்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை 2025இல் வந்து, எதிர்ப்பால் மசோதாவிலிருந்து நீங்கியது. இருமுறையும் இலக்கானவை இத்தகைய சிறு மதிப்பெண்களே.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு வாயில். இயக்கக் குறைபாட்டில் மூட்டின் அசைவும் தசையின் வலுவும் அளக்கப்படுகின்றன. காலின் நிலைப்பாட்டை அறியச் சம்மணமிடுதல், குந்துதல், படியேறுதல் ஆகியவை பார்க்கப்படுகின்றன. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் இல்லாமல் இவரால் குளிக்க இயலுமா என்பது அங்கே வினாவாகவே எழுவதில்லை. மத்திய அரசின் ஓய்வூதியத்துக்கோ வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதோடு 80 விழுக்காடும் வேண்டும்; கிடைப்பது மாதம் 300 ரூபாய். (அத்தொகையைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

என் பெரியம்மாவுக்கு மூட்டுவாதம். சான்றிதழுக்குச் சென்றபோது மருத்துவர் பேச்சுவாக்கில், “தனியா குளிக்கிறீங்களாம்மா?” என்றார். “அதெல்லாம் குளிச்சுக்குவேன் டாக்டர்.” ஸ்டூலில் அமர்ந்து, இடக்கையால் மட்டுமே மொண்டு ஊற்றி, முதுகைத் தேய்க்காமலே விட்டு, குழாயைப் பற்றி எழுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். இவை யாவும் ‘கொள்’ என்னும் துணைவினைக்குள் மறைந்துபோயின. செயலின் பொறுப்பைச் செய்பவர்மீதே ஏற்றும் சொல் அது. இந்தியில் ‘நஹா லேதீ ஹூன்’ என்பதிலுள்ள ‘லேனா’வும் இதே பணியைச் செய்கிறது. பிறர்க்குப் பாரமாகாமை குறித்த பெருமிதம் நம் மொழிகளின் வினைமுற்றிலேயே குடியிருக்கிறது. ஆம், இல்லை என விடை கோரும் படிவம் அப்பெருமிதத்தைத் திறனாகப் பதிவுசெய்கிறது. பெரியம்மாவின் சான்றிதழ் 40ஐ எட்டவில்லை.

‘கருவியை ஏற்றால் ஆளாளுக்கு ஸ்டூல் வாங்கிவைப்பார்கள்’ என்று நண்பரொருவர் கூறினார். விதி கேட்பது உடைமையை அன்று, தேவையை. தேவையை அறிய ‘குளிப்பீர்களா?’ என்று கேட்கக் கூடாது. ‘நேற்று எப்படிக் குளித்தீர்கள்? எதைப் பிடித்து எழுந்தீர்கள்? ஸ்டூல் உடைந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேட்க வேண்டும். களப்பணியில் முதல் வாரமே நாம் கற்பது இது.

விழுக்காடு மட்டுமே மருத்துவக் கல்விக்குத் தடையாகாது, செயல்திறனையும் மதிப்பிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அம்மாணவருடையது பேச்சு, மொழிக் குறைபாடு. நம் துறையினர் படிக்க வேண்டிய தீர்ப்பு. கல்விக்குப் பொருந்தும் அந்நியாயம் குளியலறைக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

இத்தகைய வினாக்களைத் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் வரைந்து பார்க்கும் முயற்சியைத் தொடங்கியுள்ளேன். பிற மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள், உங்கள் வீட்டு முதியோர் இவ்வினாவுக்கு எந்தத் துணைவினையில் விடை தருகிறார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள்.